நாம மேல, போன் கீழ

கடைசி செமஸ்டர் வந்துட்டா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டே பேச்சுதான். ஒன்னு பிளேஸ்மென்ட். இன்னொன்னு ட்ரிப். கோவா, மூணார்னு ஆரம்பிச்சு, பட்ஜெட் தெரிஞ்சதும் கடைசியில ஏதாவது ஒரு தீம் பார்க்ல வந்து நிற்கும். சென்னைக்காரங்களுக்கு இப்போ இன்னும் வசதி. ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட்னு இருந்த லிஸ்ட்ல, 2025 டிசம்பர்ல திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் சேர்ந்துடுச்சு.

இந்தக் கட்டுரை அந்த ட்ரிப்ல கூட வரப்போற ஒரு ஆளைப் பத்தி. உங்க போன். அதை எடுத்துட்டுப் போகலாமா, போனா எங்க வைக்கணும், ரைடுல ஏன் கூடாது? "கூடாது"ன்னு போர்டு எல்லா இடத்துலயும் இருக்கு. ஏன்னு எந்த போர்டும் சொல்றதில்ல. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நமக்கு அந்த "ஏன்" தெரிஞ்சிருக்கணும்.

போனை வீட்லயே வெச்சிட்டுப் போனா என்ன?

சொல்றது ஈஸி. நான் சடையங்குப்பம். எங்க ஏரியாவுல இருந்து இள்ளலூர் போறதுன்னா சென்னையோட வடக்கு முனையில இருந்து தெற்கு முனையைத் தாண்டிப் போறது. விம்கோ நகர்ல மெட்ரோ பிடிச்சு, ஏர்போர்ட் வரை வந்து, அப்புறம் பஸ் மாறி மாறிப் போகணும். மெட்ரோ டிக்கெட் போன்ல. பார்க் டிக்கெட்டோட க்யூஆர் போன்ல. சாப்பாட்டுக்குக் காசு யூபிஐ-ல. ராத்திரி லேட் ஆனா அம்மா கூப்பிடுறதும் அதே போன்லதான். நம்மில் பல பேருக்கு அந்த போன் இன்னும் இஎம்ஐ-ல ஓடிட்டு இருக்கு. சில வீட்ல கேஸ் புக் பண்றதுல இருந்து பேங்க் ஓடிபி வரை அந்த ஒரு நம்பர்தான். அதனால போன் கூட வரட்டும். ஆனா ரைடுல ஏறக்கூடாது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறதுதான் விஷயமே.

பாக்கெட்ல இருந்து அது எப்படி வெளிய வருது?

எண்ணூர் ஹைரோடுல எம்டிசி பஸ்ஸோட கடைசி சீட்ல உட்கார்ந்திருக்கீங்களா? ஸ்பீடு பிரேக்கர்ல பஸ் ஏறி இறங்கும்போது ஒரு நொடி சீட்டை விட்டு மேல எழும்புவீங்க. ரோலர் கோஸ்டர்ல இதை வேணும்னே பண்றாங்க. தண்டவாளம் ஒரு மேட்டைத் தாண்டி வேகமா கீழ வளையும்போது, உங்க உடம்பு நேரா போகப் பார்க்கும், வண்டி கீழ இழுக்கும். அந்த நேரத்துல எடை இல்லாத மாதிரி இருக்கும். அந்த "ஜிவ்வு"க்குத்தான் காசு கொடுத்துப் போறோம்.

உங்களைப் பிடிக்க சீட்ல கம்பியும் பெல்ட்டும் இருக்கு. பாக்கெட்ல இருக்கிற போனுக்கு என்ன இருக்கு? துணிதான். சட்டைப் பாக்கெட்ல இருந்தா நேரா மேல மிதந்து வந்துடும். பேன்ட் பாக்கெட்டும் சேஃப் இல்ல. உட்காரும்போது அதோட வாய் கிட்டத்தட்ட படுத்த நிலைக்கு வந்துடுது. ரைடு தலைகீழா திரும்பி மெதுவாகுற இடத்துல வாய் கீழ பார்க்கும். மீதி வேலையை புவியீர்ப்பு பார்த்துக்கும்.

"நான் கையில கெட்டியா பிடிச்சுக்குவேன்"னு சொல்ற ஆளுக்கு ஒரு கணக்கு. மேட்டுல எடை குறையிற மாதிரியே பள்ளத்துல எடை கூடும். பெரிய கோஸ்டர்கள்ல அது 4ஜி வரை போகும். இங்க ஜி-னா நெட்வொர்க் இல்ல, புவியீர்ப்பு. 200 கிராம் போன் அப்போ 800 கிராம் மாதிரி கனக்கும். அதையாவது சமாளிச்சுடலாம். உங்க கை 3 கிலோன்னா அதுவும் 12 கிலோ ஆகிடும். வீடியோ எடுக்க நீட்டின கை தானா கீழ இறங்கும். அடுத்த நொடியே மேடு வந்து எல்லாம் எடை இல்லாம ஆகிடும். கனத்துக்கு இறுக்கின விரல் அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கிறது கஷ்டம்.

விழுந்தா எங்க விழும், எவ்வளவு வேகத்துல?

இது ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். 20 மீட்டர் உயரத்துல, அதாவது ஆறேழு மாடி உயரத்துல, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்குங்க. காற்றுத் தடையை விட்டுடுவோம். போன் கை நழுவுது. தரைக்கு வர 2 செகண்ட். ஆனா நேரா கீழ விழாது. வண்டியோட வேகம் அதுக்கும் இருக்கு. அதனால நழுவின இடத்துல இருந்து கிட்டத்தட்ட 34 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஒன்றரை கிரிக்கெட் பிட்சுக்கும் மேல. "இங்கதான் விழுந்துச்சு"ன்னு நீங்க காட்டுற இடத்துல அது இருக்கவே இருக்காது.

தரையைத் தொடும்போது அதோட வேகம் மணிக்கு சுமார் 93 கிலோமீட்டர். கிரிக்கெட்ல ஒரு ஸ்பின்னர் வேகமா போடுற பந்தோட வேகம் அது. கிரிக்கெட் பந்து 160 கிராம் சுமார், உருண்டை. போன் அதைவிட கனம், மூலையும் உண்டு. பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட் இருக்கு. கீழ கியூவுல பஞ்சுமிட்டாய் பிடிச்சுட்டு நிக்கிற குழந்தைக்கு இல்ல. பின் சீட்ல உட்கார்ந்திருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம். உங்க போன் அவங்க முகத்துக்கு நேரா வரும்.

அதனாலதான் வெளிநாட்டு பார்க்குகள் இதுல விளையாடுறதே இல்ல. அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்து சீடர் பாயின்ட் பார்க்ல, ஸ்டீல் வெஞ்சன்ஸ் கோஸ்டருக்கு 2018-ல போனே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கியூவுல நிக்கும்போதுகூட கூடாதுன்னு அப்போ சொன்னாங்க. டிஸ்னி பார்க்குகள்ல 2015-லயே செல்ஃபி ஸ்டிக்கைத் தடை பண்ணிட்டாங்க. யுனிவர்சல் பார்க்ல சில கோஸ்டர்களுக்கு ஏர்போர்ட் மாதிரி மெட்டல் டிடெக்டர் தாண்டித்தான் போகணும்.

விழுந்த போனை எடுக்கப் போறது

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பத்திதான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும்.

அதே சீடர் பாயின்ட்ல ராப்டர்னு ஒரு கோஸ்டர். இன்வெர்டட் வகை. வழக்கமா வண்டி தண்டவாளத்து மேல ஓடும். இதுல வண்டி தண்டவாளத்துக்குக் கீழ தொங்கிட்டுப் போகும், உட்கார்ந்திருக்கிறவங்க கால் அந்தரத்துல ஆடும். 2015 ஆகஸ்ட்ல ஒருத்தர் அதுல போயிட்டு இறங்கினார். சவாரியில தவறவிட்ட பொருளைத் தேடி, வேலி போட்டிருந்த பகுதிக்குள்ள போனார். ஓடிட்டு இருந்த கோஸ்டர் மோதி அந்த இடத்துலயே இறந்துட்டார்.

கீழ இருந்து பார்த்தா தண்டவாளம் ரொம்ப மேல இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா வண்டியும் கால்களும் அதுக்குக் கீழ தொங்கி வருது. தாழ்வா இறங்கற இடத்துல அது ஆள் உயரத்துக்கே வந்துடும். இந்தக் கதை நமக்கு தூரமானது இல்ல. இள்ளலூர் வொண்டர்லாவுல இருக்கிற தஞ்சோராவும் இதே இன்வெர்டட் வகைதான். ராப்டரைச் செஞ்ச அதே சுவிட்சர்லாந்து நிறுவனத்தோட தயாரிப்பு. வேலி நம்மைத் தடுக்க இல்ல, காப்பாத்த இருக்கு. போன் விழுந்தா ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்க. ரைடை நிறுத்தின பிறகோ, பார்க் மூடின பிறகோ அவங்கதான் எடுத்துக் கொடுக்கணும். இன்னைக்கே வேணும்னு சண்டை போடாதீங்க.

"மேல மாட்டிக்கிட்டா?"

நியாயமான கேள்வி. 2025 மே மாசம் விஜிபி-ல ஒரு ரைடு உயரத்துல அப்படியே நின்னுடுச்சு. மேல இருந்தவங்க மணிக்கணக்கா மாட்டிக்கிட்டாங்க. தீயணைப்புத் துறை ஸ்கைலிஃப்ட் கொண்டு வந்துதான் இறக்கினாங்க. அந்த மாதிரி நேரத்துல போன் வேணாமான்னு கேட்கலாம். வேணும். ஆனா அது தரையில இருக்கிற ஆள் கையில இருந்தாலும் அதே உதவி கிடைக்கும். ஒவ்வொரு ரைடுக்கும் கேங்குல ஒருத்தர் கீழ நிக்கட்டும். எல்லா கேங்குலயும் "எனக்கு ஹைட்ஸ்னா பயம் மச்சி"ன்னு ஒருத்தன் இருப்பான். அவன் இல்லன்னா முறை போட்டுக்கங்க. அவர்கிட்டதான் எல்லா போனும். 112-க்கு கூப்பிடறது அவர் வேலை. உங்க கத்தலை வீடியோ எடுக்கிறதும் அவர் வேலை. நீங்க மேல இருந்து எடுக்கிற ஆட்டம் கண்ட வீடியோவைவிட அது நல்லாவே வரும்.

ரைடுல போனை உள்ள வெச்சிருந்தா இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022-ல ஐபோன் 14 வந்தப்போ, கார் விபத்தைத் தானா கண்டுபிடிக்கிற வசதி அதுல வந்தது. அமெரிக்காவுல கிங்ஸ் ஐலண்ட் பார்க்ல கோஸ்டர் குலுக்கினதை விபத்துன்னு நினைச்சு, ஓனர் ஜாலியா கத்திட்டு இருக்கும்போதே போன் அவசர உதவி எண்ணுக்கு கால் பண்ணிடுச்சு.

தண்ணி

புழல் ஏரியைத் திறந்தா சடையங்குப்பத்துக்குள்ள தண்ணி வரும். அதனால போனை பிளாஸ்டிக் கவர்ல சுத்துறது எங்க ஊர்ல யாருக்கும் புதுசில்ல. வாட்டர் பார்க்ல மட்டும் "என் போன் ஐபி68, ஒன்னும் ஆகாது"ன்னு ஒரு தைரியம் வந்துடுது.

அந்த நம்பர்ல கடைசி இலக்கம்தான் தண்ணி பத்தினது. 7-னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம். 8-னா அதைவிடக் கடினமா, கம்பெனி சொல்ற அளவுக்கு. ரெண்டுமே அசையாத சுத்தமான தண்ணியில பண்ற டெஸ்ட். ஸ்லைடுல வேகமா அடிக்கிற தண்ணிக்கு வேற டெஸ்ட் இருக்கு. அதுக்கு 5, 6-னு வேற இலக்கம். 8 பாஸ் பண்ணினா 6-ம் பாஸ்னு அர்த்தமே இல்ல. பார்க் தண்ணியில குளோரினும் இருக்கு. ஒரு தடவை கீழ விழுந்து ஃபிரேம் நெளிஞ்ச போன்ல அந்த ரப்பர் சீல் எந்த நிலைமையில இருக்கும்னு யோசிங்க. சாதாரண வாரன்டியில தண்ணி பட்ட போனுக்கு பொதுவா சர்வீஸ் கிடையாது.

கழுத்துல மாட்டுற வாட்டர்ப்ரூஃப் பவுச் ஓரமா நின்னு போட்டோ எடுக்க ஓகே. ஸ்லைடுல வேணாம். கயிறு எங்கயாவது மாட்டினா இழுபடுறது உங்க கழுத்து.

நனைஞ்சிடுச்சா? ஆஃப் பண்ணி, துடைச்சு, சார்ஜ் போர்ட் கீழ பார்க்கிற மாதிரி பிடிச்சு லேசா தட்டி, காற்றுல காய விடுங்க. ஈரத்தோட சார்ஜ் போடாதீங்க. அரிசி டப்பாவுல போடாதீங்க. அரிசித் தூள் போர்ட்டுக்குள்ள போயிடும்னு ஆப்பிளே 2024-ல சொல்லிடுச்சு. ரேஷன் அரிசி சோத்துக்கே இருக்கட்டும்.

கேமராவை எங்க திருப்புறீங்க?

வேவ் பூல்ல உங்க ஃபிரேம்ல வர்றவங்க எல்லாம் உங்க ரீல்ஸ்ல நடிக்க ஒத்துக்கிட்டவங்க இல்ல. நனைஞ்ச டிரஸ்ல இருக்கிற ஒரு பொண்ணு உங்க வீடியோவோட பின்னாடி வந்து, அது ஆயிரம் பேர் பார்த்தா, அவங்க வீட்ல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. டிரஸ் மாத்துற இடத்துல போனை வெளிய எடுக்கவே எடுக்காதீங்க. அங்க ஒரு பெண்ணை ஒளிஞ்சு படம் எடுத்தா பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவுல முதல் தடவையே ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரை ஜெயில்.

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி

குரூப்ல ஃபார்வர்ட் பண்ண வசதியா:

1. டிக்கெட் க்யூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெண்டு பேர் போன்ல வைங்க. வாசல்ல நெட் கிடைக்காம போகலாம்.

2. ஆளுக்குக் கொஞ்சம் கேஷ். வீட்டுக்குத் திரும்ப பஸ் காசாவது தனியா இருக்கணும். அப்பா அம்மா நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. மனப்பாடமா எத்தனை நம்பர் தெரியும்னு இப்போவே டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

3. *#06# டயல் பண்ணினா ஐஎம்இஐ நம்பர் வரும். வீட்ல குறிச்சு வைங்க.

4. லாக்கர் இருந்தா நாலு பேருக்கு ஒன்னு எடுத்து காசைப் பிரிச்சுக்கங்க. தீவுத்திடல் பொருட்காட்சி, கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி லாக்கர் இல்லாத இடத்துல கீழ நிக்கிற ஆள்தான் லாக்கர்.

5. போன் தொலைஞ்சா முதல்ல சிம்மையும் யூபிஐ-யையும் பிளாக் பண்ணுங்க. அப்புறம் போலீஸ்ல புகார் கொடுத்து, அந்தக் காப்பியோட அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல ஐஎம்இஐ-யை பிளாக் பண்ணலாம். அக்கவுன்ட்ல இருந்து காசு போயிருந்தா உடனே 1930.

6. வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது போனா இருந்தாலும் பர்ஸா இருந்தாலும் அது ஆபரேட்டர் வேலை. யாராவது வேலி ஏறினா சட்டையைப் பிடிச்சு இழுங்க.