"படம் எப்படி சார்?" என்று கேட்பதும் குற்றமா? டிக்கெட் வாங்கிய ரசிகரின் வாசல் தீர்ப்பு!

"படம் எப்படி சார்?"

தியேட்டர் வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்க விடக்கூடாது என்று ஐகோர்ட்டு வரை போனார்கள் என்றால் நம்புவீர்களா? போனார்கள்!

2024-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி சூர்யா நடித்த 'கங்குவா' வெளிவந்தது. பல கோடி ரூபாய் கொட்டி எடுத்த படம். முதல் காட்சி முடிந்து கதவு திறந்ததுதான் தாமதம், மைக்கும் செல்போனுமாக வாசலில் நின்ற யூடியூப் பையன்களிடம் ரசிகர்கள் மனதில் பட்டதைக் கொட்டித் தீர்த்தார்கள். "ஒரே இரைச்சல் தம்பி, காது போச்சு!" என்கிற புகார் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தியேட்டர்களில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டி வந்தது.

அதே மாதம் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களை வாசல் பேட்டிகள் கெடுத்துவிட்டன. இனிமேல் மைக்கோடு வருபவர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள்ளேயே விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அடுத்து வழக்கு. படம் வந்து முதல் 3 நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று தடை கேட்டார்கள். டிசம்பரில் ஐகோர்ட்டு தடை விதிக்க மறுத்துவிட்டது. விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லிவிட்டது.

யார் இந்த ரசிகர்?

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுபவர் அல்ல இவர். சங்கம் வைத்துக் கொடி கட்டுபவரும் அல்ல. ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பார். அல்லது ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பார். மாதத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. இவருக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. எந்த தியேட்டர் வாசலிலும், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக வெளியே வருவார், பார்க்கலாம்.

இவருக்குக் கருத்துச் சொல்ல உரிமை எங்கிருந்து வந்தது? பர்ஸிலிருந்து வந்தது!

கணக்குப் பாருங்கள். 2017-ல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு அரசு வைத்த உச்சவரம்பு ரூ.150. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டாலே ரூ.177. உள்ளாட்சி வரி தனி. வீட்டில் நாலு பேர் என்றால் டிக்கெட்டுக்கே எழுநூறைத் தாண்டுகிறது. வண்டி நிறுத்தக் காசு, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன், இதெல்லாம் இன்னும் எழுதவில்லை. மாசக் கடைசியில் இந்தப் பணம் இரண்டு வாரக் காய்கறி. அதைக் கொடுத்துவிட்டு இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்தவர், "நல்லா இல்ல" என்று ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?

தானா ஓடின படங்கள்

சொல்கிறவர் எல்லாவற்றையும் திட்டுகிறாரா என்றால், இல்லை. கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் இவர் வாய் காப்பாற்றிய படங்கள்தான் அதிகம்.

2025 மே 1-ந்தேதி இரண்டு படம் வந்தது. ஒன்று சூர்யாவின் 'ரெட்ரோ'. இன்னொன்று 'டூரிஸ்ட் பேமிலி'. சசிகுமார், சிம்ரன் நடித்தது. டைரக்டருக்கு முதல் படம். இலங்கையில் விலைவாசி தாங்காமல் ராமேசுவரத்தில் கரையேறும் ஒரு தமிழ்க் குடும்பம், சென்னையில் ஒரு காலனியில் வாடகைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாழும் தெருவையே ஒரு குடும்பமாக்கிவிடுகிறது. சண்டை கிடையாது, ஆட்டம் கிடையாது. முதல் நாள் கூட்டம் எல்லாம் பெரிய படத்துக்குத்தான். ஆனால் வாசலில் வந்த சொல் வேறு மாதிரி இருந்தது. "ஏங்க, எங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாங்க" என்று ஒரு மனைவி சொல்லிவிட்டால் போதாதா? அடுத்த காட்சிக்கு அம்மா வந்துவிடுவார். கூடவே பக்கத்து வீடும் வரும். படம் வாரக்கணக்கில் ஓடியது.

2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' இன்னொரு சாட்சி. கிராமத்துத் தெரு கிரிக்கெட். மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொள்ளும் கதை. 'அட்டகத்தி' தினேஷ் 'கெத்து'வாக வந்து மட்டையைத் தூக்கினால் விஜயகாந்த் பாட்டு ஒலிக்கிறது. தியேட்டரே எழுந்து நிற்கிறது. விளையாட்டுக்குள்ளே சாதி எப்படி ஒளிந்திருக்கிறது என்பதையும் படம் சொல்கிறது. பிரசங்கம் இல்லாமல் சொல்கிறது. அதனால்தான் கடைக்காரரும் ரசித்தார், கடைப்பையனும் ரசித்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் குப்பைத் தொட்டி

துப்பறியும் படம் என்றால் நம்ம ரசிகர் கொஞ்சம் கறார். ஸ்டேஷன் எப்படி இருக்கும், ரைட்டர் எப்படிப் பேசுவார் என்று அவருக்கும் தெரியும். வண்டி காணாமல் போய் ஒரு தடவையாவது புகார் கொடுக்கப் போயிருப்பார் அல்லவா?

2024 ஜூனில் வந்த 'மகாராஜா' இந்த இடத்தில்தான் ஜெயித்தது. விஜய் சேதுபதிக்கு 50-வது படம். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து, "லட்சுமியைக் காணோம்" என்கிறார். லட்சுமி யார் என்றால், ஒரு குப்பைத் தொட்டி! போலீசார் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், பிறகு பணம் வரும் என்றதும் தேட ஆரம்பிக்கிறார்கள். ஏழை ஒருவன் புகார் கொடுக்கப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கிவிடுகிறது. முடிவை இங்கே சொல்வது பாவம். அந்த வருஷம் நவம்பரில் சீனாவிலும் திரையிட்டார்கள்.

2023 ஜூனில் வந்த 'போர் தொழில்' கொலைகாரனைத் தேடும் இன்னொரு படம். பெரிய அதிகாரி சரத்குமாருக்கும், புத்தகம் படித்துவிட்டு வந்த பயந்தாங்கொள்ளி அசோக் செல்வனுக்கும் நடக்கும் உரசல்தான் அதில் சுவை.

கார் நிறுத்த இடம்

'பார்க்கிங்' படத்தைச் சென்னைக்காரர் யாரும் படம் என்றே நினைக்கவில்லை. 2023 டிசம்பர் 1-ந்தேதி வந்தது. ஒரே வீட்டில் மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். வாசலில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம். புதுக் கார் வாங்கிய இளைஞர் ஹரீஷ் கல்யாண். ரிட்டயராகப் போகும் அரசு அதிகாரி எம்.எஸ்.பாஸ்கர். முதலில் முறைப்பு, பிறகு வாய்ச்சண்டை, கடைசியில் கொலைவெறி!

கைகலப்பு வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர்க் குழாய், மாடிப்படிச் செருப்பு, காம்பவுண்டு சுவர், வண்டி நிறுத்தும் இடம். நகரத்தில் மண்டை உடைவதற்கு இவ்வளவு போதும். படம் பார்த்துவிட்டு வந்தவர், "எங்க ஹவுஸ் ஓனர் இதைப் பாக்கணும் சார்" என்று சொல்லாமல் இருப்பாரா? 2025 ஆகஸ்டு 1-ந்தேதி தேசிய விருது அறிவித்தபோது சிறந்த தமிழ்ப் படம் இதுதான். பாஸ்கருக்கும் துணை நடிகர் விருது கிடைத்தது. வாசல் தீர்ப்பும் டெல்லி தீர்ப்பும் ஒன்றாவது அபூர்வம்.

இதே ஜாதியில் சேர்க்க வேண்டியது 2023-ல் வந்த 'மாவீரன்'. சிவகார்த்திகேயன் படம். குடிசையைக் காலி செய்து அடுக்குமாடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கை வைத்தால் சுவர் உதிர்கிறது. வானத்திலிருந்து ஒரு குரல் வந்து கதாநாயகனைப் பிடித்து ஆட்டுவது சினிமா. சுவர் உதிர்வது சினிமா அல்ல. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்து ஊரே நாறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சொந்த வீடு வாங்கத் தவியாய்த் தவிக்கும் குடும்பத்தைக் காட்டிய '3 பி.எச்.கே.' 2025 ஜூலையில் வந்தது. குமாஸ்தாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே துடைக்கச் சொல்கிறது என்பதும் வாசலில் விழுந்த சொல்தான்.

பேய்க்கும் ரேட் உண்டு

பேய்ப் படத்தில் ரசிகர் நியாயம் பார்ப்பதில்லை. பயந்தால் போதும், நடுவில் சிரித்தால் இன்னும் நல்லது. 2024 மே மாதம் சுந்தர்.சி.யின் 'அரண்மனை 4' வந்தது. கோடை விடுமுறை, வெளியே கத்திரி வெயில், உள்ளே ஏ.சி.; குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆகஸ்டில் 'டிமான்ட்டி காலனி 2'. ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே அந்தப் பெயரில் காலனி இருப்பதால் சென்னைக்காரருக்குக் கூடுதல் திகில்.

சிரிப்புப் படத்தில் ஓர் அதிசயம் நடந்தது. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய 'மத கஜ ராஜா' 12 வருஷம் பெட்டியில் தூங்கிவிட்டு 2025 பொங்கலுக்கு வந்தது. பழைய சோறுதானே என்று நினைத்தார்கள். விஷால், சந்தானம் கூட்டணி வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது. 2023-ல் காலமான மனோபாலா பிணமாக நடித்த காட்சிக்குக் கைதட்டல் அடங்கவில்லை. புதுப் படங்கள் பல அந்தப் பொங்கலில் இதற்குப் பின்னால் நின்றன!

நீளம், சத்தம், அப்பா

பெரிய படங்களிடம் ரசிகருக்கு வன்மம் இல்லை. வருத்தம்தான். 1996-ல் 'இந்தியன்' பார்த்து லஞ்சம் வாங்குபவனைக் குத்த வேண்டும் என்று கொதித்தவர், 2024 ஜூலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு 'இந்தியன் 2' போனார். பிள்ளை செல்போனை எடுத்துவிட்டான். அப்பாவுக்கு அவமானம்! படம் வந்த பிறகு சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். 1987-ல் 'நாயகன்' தந்த மணிரத்னமும் கமலும் மறுபடி சேர்ந்த 'தக் லைஃப்' 2025 ஜூனில் வந்தபோதும் இதே கதைதான்.

வெட்டியது எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' நீளம் என்றார்கள். சுமார் 18 நிமிடத்தை எடுத்தார்கள். அரவிந்த்சாமியை "அத்தான்... அத்தான்..." என்று கார்த்தி சுற்றிச் சுற்றி வருவதும், ராத்திரி முழுக்கப் பேசுவதும்தான் அந்தப் படமே. அதை அவசரப்பட்டுப் பார்க்க முடியுமா? வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தவர்கள் பலர், தியேட்டரில் விட்டுவிட்டோமே என்றார்கள். வாசல் தீர்ப்பு சறுக்கிய இடம் இது.

அப்பீலே இல்லாமல் பாஸ் ஆனது 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்'. மேஜர் முகுந்த் வரதராஜன் வாழ்க்கைக் கதை. சாய் பல்லவி அழுதபோது மொத்த ஹாலும் அழுதது. அதிலும் ஒரு கோர்ட்டு விவகாரம்! படத்தில் காட்டிய செல்போன் நம்பர் ஒரு பொறியியல் மாணவருடைய நம்பராக இருக்கப்போக, ராப்பகலாக அழைப்புகள் வந்து அவர் தூக்கம் போனது. நஷ்டஈடு கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார். பிறகு அந்த நம்பரை மறைத்தார்கள்.

மைக் பையன்களும் யோக்கியமா?

தயாரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இடைவேளையிலேயே மைக்கை நீட்டுவது, கத்துகிறவரை மட்டும் தேடிப் பிடிப்பது, நடிகர் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேச விடுவது இதெல்லாம் விமர்சனம் அல்ல, வியாபாரம். திட்டினால்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் செய்கிறார்கள். அவதூறு என்றால் அதற்குத் தனியாகச் சட்டம் இருக்கிறது. அதற்காக ஊர் வாயையே 3 நாள் மூடு என்றால் எப்படி?

முதல் நாள் வெறியை ஊதிவிட்டதும் இந்த வியாபாரம்தான்; அதில் உயிரும் போயிருக்கிறது. 2023 ஜனவரி 11-ந்தேதி 'துணிவு', 'வாரிசு' இரண்டும் ஒரே நாளில் வந்தன. கோயம்பேட்டில் தியேட்டர் முன்பு, மெதுவாகப் போன லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது ரசிகர் குதித்தபோது அடிபட்டு இறந்தார். அந்த வருஷம் அக்டோபரில் 'லியோ' வந்தபோது, முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான் என்று அரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெற்றவர்கள் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

குழந்தையோடு திரும்பியவர்கள்

2025 ஆகஸ்டு 14-ந்தேதி 'கூலி' வந்தபோது வாசலில் வேறு கூத்து. 'ஏ' சர்டிபிகேட். ரஜினி படம் என்று பிள்ளைகளோடு வந்த குடும்பங்களுக்குக் கதவு திறக்கவில்லை. "என்னங்க இது, தலைவர் படத்துக்குக் குழந்தைய விட மாட்டாங்களா?" என்ற கேள்விக்குக் கேட்டுக்காரரால் என்ன பதில் சொல்ல முடியும்? சர்டிபிகேட்டை மாற்றச் சொல்லிப் பட நிறுவனம் ஐகோர்ட்டுக்குப் போனது. அந்த மாதமே மனு தள்ளுபடியானது.

போக இடமும் குறைந்து வருகிறது. அசோக்நகரில் 1983-ல் திறந்த உதயம் தியேட்டர் 2024-ல் மூடியது. பெரம்பூரில் ரஜினி திறந்து வைத்த பிருந்தா 2025 ஏப்ரலில் மூடியது. குறைந்த ரேட்டில் படம் பார்த்த அந்த ஏரியாக்காரர்கள் இப்போது 'மால்' படிதான் ஏற வேண்டும்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி ஜி.எஸ்.டி.யைக் குறைத்தபோது, 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு 12 சதவீதம் 5 ஆனது. அதற்கு மேல் போனால் அதே 18 சதவீதம்தான். பாத்திரக் கடைக்காரர் அந்தச் செய்தியைப் படித்தார், மடித்து வைத்தார். புதுப் படம் வந்தால் வெள்ளிக்கிழமை அவர் போவதில்லை. மேட்னி பார்த்துவிட்டு வரும் கடைப்பையனைக் கல்லாவிலிருந்தே கூப்பிட்டுக் கேட்கிறார்:

"டேய் தம்பி, படம் எப்படி?"

"முதல் பாதி ஓகே அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை புரோகிராம் கேன்சல்!