அச்சும் பாரமும்

சங்ககிரி பைபாஸ் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், ஒரு லாரியை உறுப்பு உறுப்பாகப் பார்த்துவிடலாம். ஒரு பட்டறையில் அச்சைக் கழற்றிக் கட்டைமேல் கிடத்தியிருப்பார்கள். அடுத்ததில் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி அடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அடுத்ததில் டயருக்கு ஒட்டுப் போடுவார்கள். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, கோட்டை மலையின் காலடியில் இருக்கும் இந்த ஊருக்கு லாரிதான் சோறு போடுகிறது. திருச்செங்கோடு வழியாக நாமக்கல் வரை போனால், வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்குப் பாடி கட்டித் தரும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன.

லாரிக்கு முன்னால் இந்தத் தடத்தில் பாரம் இழுத்தது மாட்டு வண்டி. அதைப் பொங்கல் வாழ்த்து அட்டையிலும் கல்யாண ஊர்வலத்திலும் பார்த்துப் பார்த்து, அது ஒரு இயந்திரம் என்பதே நமக்கு மறந்துபோயிற்று. அழகுப் பொருளாக்கியதுதான் நாம் அதற்குச் செய்த பெரிய அநியாயம் என்பேன்.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. ஒரிகன் மாநிலத்தில் பேக்கர் சிட்டி என்ற ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல், ஒரிகன் தடம் என்ற பழைய வண்டித் தடத்துக்கென்றே 1992-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1840-களிலிருந்து ஒரு தலைமுறைக் காலம், மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கே 3,200 கிலோமீட்டர், குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போன பாதை அது. பயணம் 4 முதல் 6 மாதம். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நகர்ந்தால் அதிகம். அவர்கள் போய்க் குடியேறியது வேறு மக்களின் நிலத்தில். பழங்குடிகளுக்கு அந்தத் தடம் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. குன்றின் மேலிருந்து பார்த்தால் கீழே சமவெளியில் பழைய சக்கரத் தடம் இன்னும் தெரிகிறது. வயோமிங் மாநிலத்தில் குவெர்ன்ஸி என்ற இடத்தில் மணற்பாறையையே சக்கரங்கள் ஓர் ஆள் நெஞ்சளவுக்கு அறுத்து வைத்திருக்கின்றன.

சினிமாவில் அந்த வண்டிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடும். நிஜத்தில் பெரும்பாலும் எருதுகள்தான் இழுத்தன. குதிரையைவிட விலை குறைவு, வழியில் கிடைத்த புல்லே தீனிக்குப் போதும். வண்டிக்குள் மூட்டை முடிச்சு நிறைந்திருந்ததால் வண்டிக்காரக் குடும்பமே பெரும்பாலும் நடந்துதான் போயிற்று. 1852-ல் கைக்குழந்தையோடும் மனைவியோடும் அப்படிப் போன எஸ்ரா மீக்கர் என்பவர், தடம் அழிந்துபோகிறதே என்ற கவலையில் 1906-ல், தம் 75-ஆவது வயதில், மறுபடி மாட்டு வண்டி பூட்டி அதே பாதையில் கிழக்கு நோக்கித் திரும்பினார். வழியெல்லாம் நினைவுக் கல் நடச் சொன்னார். தலைநகரம் வரை போய் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையும் பார்த்தார். வண்டியை இழுத்த எருதுகளில் இரண்டை, செத்த பிறகு பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் அப்படி ஒரு தடம் இல்லையா என்றால், 2,000 ஆண்டுப் பழமையில் இருக்கிறது. சாட்சி சங்கப் பாட்டில் இருக்கிறது. கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குக் கூட்டமாக வந்து விற்றவர்கள் உமணர்கள். பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டி ஒன்றை அங்கம் அங்கமாக வர்ணிக்கிறது. வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது, கயிற்றில் கட்டிய காடிப்பானை தொங்குகிறது, குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். குடும்பமே வண்டியில் குடியிருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு குரங்குகூட விளையாடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. ஔவையார் பாடியது. பாடப்பட்டவன் தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினி. தகடூர் என்பது இன்றைய தர்மபுரி, சங்ககிரிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மாடுகள் இளசு, நுகத்துக்குப் பழகாதவை, பாரமோ அதிகம், பள்ளத்திலும் மேட்டிலும் என்ன ஆகுமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்துக்கொள்வார்களாம். அந்த மாற்று அச்சைப் போன்றவன் எழினி என்கிறார். ஓர் இளவரசனைப் புகழ அவர் தேடிப் பிடித்தது ஸ்பேர் பார்ட்டை. வண்டியின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் இப்படிப் பாட முடியும். ஒரிகன் போனவர்களும் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் மாற்று அச்சு கொண்டுபோனார்கள். கொண்டுபோகாதவர்கள் பட்டார்கள். 1836-ல் மார்க்கஸ் விட்மன் என்ற மிஷனரி மருத்துவரின் வண்டியில் அச்சு முறிந்தபோது, நாலு சக்கர வண்டியைக் குறைத்து இரண்டு சக்கர வண்டியாக்கித்தான் மேற்கொண்டு போக முடிந்தது. சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஊர் வண்டியாக்கினார்.

அந்த இரண்டு சக்கர வண்டிக்கு வருவோம். அமெரிக்க வண்டி நாலு சக்கரத்தில் தானே நிற்கும். மாட்டை அவிழ்த்துவிட்டாலும் பாரம் அப்படியே இருக்கும். ஆனால் திரும்புவது சிரமம். முன்சக்கரம் வண்டிக்கு அடியில் கொஞ்சமாவது நுழையவேண்டும் என்பதற்காக அதைச் சின்னதாகச் செய்தார்கள், சின்னச் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். நம் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். வரப்பு, வாய்க்கால், ஆற்று மணல் எதுவானாலும் ஆள் நெஞ்சுயரச் சக்கரம் ஏறி இறங்கிவிடும். இதற்கு விலையாக அது தானாக நிற்காது. அச்சின்மேல் ஆடும் ஒரு தராசு அது. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் மாட்டின் கழுத்து.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வண்டிக்காரரின் வித்தை தெரியும். ஒரு டன் நெல் மூட்டை ஏற்றியிருக்கிறது. அச்சிலிருந்து நுகத்தடிக்கு 9 அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு நேர்மேலே இருந்தால் மாட்டின் கழுத்தில் எடையே இல்லை, இழுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்தப் புள்ளி அரை அடி முன்னால் தள்ளிப்போனால் நுகத்தில் 55 கிலோ உட்காரும். அது முன்பாரம். அரை அடி பின்னால் போனால் அதே 55 கிலோ நுகத்தை மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். இரண்டில் பின்பாரம்தான் கொடுமை, மாட்டுக்கு மூச்சு முட்டும். அதனால் ஏற்றும்போதே துளி முன்பாரமாக இருக்கும்படி அடுக்குவார்கள். கடைசி மூட்டையைப் போட்ட பிறகு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளச் சொல்வார் பெரியவர். அவருக்கு எடைமேடை அந்தக் கைதான்.

சிக்கல் மேட்டில் வரும். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு இரண்டடி உயரத்தில் இருந்தால், பத்தடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் அந்தப் புள்ளி சுமார் இரண்டரை அங்குலம் பின்னால் சரிகிறது. நுகம் 22 கிலோ அளவுக்குத் தூக்கும். உடனே வண்டிக்காரர் முன்னே நகர்ந்து ஏர்க்கால்மேல் குந்துவார். தம் உடம்பையே எடைக்கல்லாக மாற்றிக்கொள்கிறார். இறக்கத்தில் நேர்மாறு. பாரம் முன்னே சாய்ந்து கழுத்தை அமுக்கும், வண்டியும் மாட்டைத் தள்ளும். அப்போது இறங்கிப் பின்னால் போய்ப் பிடித்துத் தொங்குவார், அல்லது சக்கரத்தை உரசும்படி கட்டை கொடுத்துக் கயிற்றை இறுக்குவார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் சும்மா ஏறி இறங்கி விளையாடுவதுபோலத் தெரியும்.

நுகம் ஏன் வெறும் தடியாக இருந்தும் நழுவாமல் நிற்கிறது? காங்கேயம் காளையின் திமிலைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கழுத்தில் கிடக்கும் நுகத்தைத் திமில் பின்னாலிருந்து தாங்கிக்கொள்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க எருதுக்குத் திமில் இல்லை. அதனால் அமெரிக்கர்கள் நுகத்தோடு வளைத்த மரம் ஒன்றைக் கழுத்துக்கடியில் மாட்டித் தோளால் தள்ள வைத்தார்கள். மூக்கணாங்கயிறும் அவர்களிடம் வழக்கமில்லை. சாட்டையோடு பக்கத்தில் நடந்தபடி வாய்ச்சொல்லால் திருப்பினார்கள். நம் பக்கத்தில் மாட்டுக்கும் வேலைப் பிரிவினை உண்டு. ஆலம்பாடி மாடு நின்று நிதானமாகப் பாரம் இழுக்கும். அந்தியூர் மலையின் பர்கூர் மாடு வேகம், கொஞ்சம் முரடு. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் இந்த வித்தியாசத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

சக்கரம் ஆசாரியும் கொல்லரும் சேர்ந்து செய்யும் வேலை. நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் நுனியைச் சேர்த்துப் பிடிக்கும் வட்டைத் துண்டுகள். பெரும்பாலும் ஆறு வட்டை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆரக்கால். குடத்துக்கும் வட்டைக்கும் கருவேல மரம் நன்றாக உழைக்கும். ஆணி என்று ஒன்று கிடையாது, எல்லாம் துளையும் நாக்குமாகத்தான் இணைகிறது. இந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாக நெரித்துப் பிடிப்பது மேலே போடும் இரும்புப் பட்டா. அதைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாகவே வளைத்து ஒட்டுவார்கள். பிறகு தரையில் வட்டமாக வறட்டி அடுக்கிப் பட்டாவை அதில் வைத்துக் கொளுத்துவார்கள். 5 அடி விட்டச் சக்கரத்தின் பட்டாவை 500 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நீளும். அந்த ஓர் அங்குலம்தான் கணக்கு. குறடால் நாலு பேர் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி, மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீரை ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாகக் கிளம்பும். மூட்டுகள் ஒவ்வொன்றாகப் படபடவென்று இறுகும் சத்தம் கேட்கும். கோடையில் மரம் காய்ந்து சுருங்கிப் பட்டா தளர்ந்தால், வண்டியை வாய்க்கால் தண்ணீரில் நிறுத்தி ஊறவைப்பது உண்டு. ஒரிகன் தடத்துக்காரர்களும் சக்கரத்தை ஆற்றில் இறக்கி இதையேதான் செய்தார்கள்.

அச்சு தேய்ந்துபோகாமலிருக்க வண்டி மை. வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தது. வண்டிக்கடியில் ஒரு மூங்கில் குழாயில் தொங்கும். கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை வெளியே இழுத்து ஒரு குச்சியால் தடவுவார்கள். வேட்டியில் பட்டால் போகாது. ஒரிகன் வண்டியின் பின்னச்சில் தாரும் கொழுப்பும் கலந்த வாளி தொங்கியது.

மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது என்பதால் காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு 8. குதிரைபோல மூன்று காலில் மாடு நிற்காது. அதனால் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, கால்களைக் கட்டித்தான் லாடம் அடிக்கவேண்டும். அமெரிக்கர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. வழியில் லாடம் தீர்ந்தபோது குளம்புக்குத் தோலைச் சுற்றிக் கட்டினார்கள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வண்டி ஆதியிலிருந்தே பெருகியிருக்கவில்லை. நல்ல சாலை வரும்வரை, 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்கூட, தூரத்துச் சரக்கில் பெரும்பகுதி பொதிமாட்டின் முதுகில்தான் போயிற்று. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டைக்குள் போன தானியமும் வண்டியில் மேலே ஏறியிருக்க முடியாது, வழி படிகளும் செங்குத்துப் பாறையுமாக இருக்கிறது. 1861, 1862-ல் சென்னையிலிருந்து மேற்கே போட்ட ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தது. ஸ்டேஷனுக்கு இன்றும் சங்கரிதுர்க்கம் என்றே பெயர். ரயில் வந்ததும் வண்டி ஒழிந்துவிடவில்லை. ஸ்டேஷனுக்குச் சரக்கு கொண்டுவரவும், வந்ததைச் சந்தைக்கு எடுத்துப்போகவும் சத்தத்துக்கு, அதாவது வாடகைக்கு, ஓடும் வண்டிகள் பெருகின.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரப்பர் டயரும் பேரிங்கும் வந்தபோதுதான் பட்டாச் சக்கரம் தோற்றது. மெல்லிய இரும்புப் பட்டா தார்ச் சாலையை அறுத்தது, டயர் அறுக்கவில்லை. அதே ஜோடி மாடு டயர் வண்டியில் கூடுதல் பாரத்தை இழுத்தது. 1970-களில் பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி மாட்டு வண்டியை ஆராய்ச்சிக்கு எடுத்தார். நிர்வாகப் பள்ளிக்காரருக்கு இது ஏன் என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். மாட்டின் கழுத்தைப் புண்ணாக்காத நுகம், எளிதாக உருளும் சக்கரம் என்று பல ஆண்டுகள் வாதாடினார். ஆனால் அதற்குள் சங்ககிரி மாதிரி ஊர்கள் லாரிக்கு மாறிவிட்டிருந்தன. 1963-ல் இங்கே சிமெண்ட் ஆலையும் வந்தது. சிமெண்டுக்கு வண்டி மாடு கட்டுப்படியாகாது.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர், 475-ஆவது குறளில். லாரிக்கான சட்டமும் அச்சைத்தான் எண்ணுகிறது. நாலு டயர் போட்ட ஓர் அச்சுக்கு முன்பு 10.2 டன் வரைதான் அனுமதி, 2018-ல் அதை 11.5 டன்னாக உயர்த்தினார்கள். எடைமேடையில் மொத்த எடை சரியாக இருந்தாலும் ஓர் அச்சில் கூடியிருந்தால் அபராதம் வரும் என்பதால், கிளம்புவதற்கு முன் டிரைவர் சரக்கை முன்னே தள்ளிப் போடச் சொல்லி லோடுமேன்களோடு தகராறு செய்துகொண்டிருப்பார்.