கடல்நீர் மீன்தொட்டிக்குக் கற்பின்சுவர் அமைத்தல்

கண்ணாடித் தொட்டியிற் கடல்நீரை நிரப்பிக் கடல்மீன் வளர்ப்போர், தொட்டியின் பின்புறத்தே பாறைபோன்ற சுவரொன்றை அமைப்பது வழக்கம். குழாய்கள் அதனால் மறைகின்றன; மீன்களுக்கு ஒதுங்கிடமும் கிடைக்கின்றது. சீமெந்து குழைத்து வாய்க்காலும் கிணற்றுக்கட்டும் அமைத்துப் பழகிய கமக்காரருக்கு இவ்வேலை கடினமன்று. பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையிலே தொடங்கலாம். ஆயினும், வயல்வேலையிற் குற்றமாகாத சில செயல்கள் இங்கே மீன்களைக் கொன்றுவிடும்.

முருகைக்கல் வேண்டாம்

சுவருக்குக் கல் என்றவுடன் கடற்கரையிலுள்ளோர் முருகைக்கல்லையே நினைப்பர். 1988 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட கரையோரம் பேணற் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்துள்ளது. தடைக்குத் தக்க காரணம் உண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, முருகைக்கற்பார் பேணப்பட்டிருந்த இக்கடுவைக் கரையிலும் பார்க்க, பார் அகழப்பட்டிருந்த அயலூராகிய பெரலியவில் அலை உயர்ந்து, நிலத்தினுள்ளே வெகுதூரம் புகுந்தது. பாரை அழித்தமையும் இதற்கு ஒரு காரணமென ஆய்ந்தோர் கூறினர். அவ்வலை புகுந்த நெல்வயல்கள் உவராகிய துன்பத்தைக் கிழக்குக் கரையோரக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தொட்டியின் அழகுக்காக வயலின் காவலைக் குறைத்தல் எவ்வாற்றானும் தகாது. சீமெந்தினாற் செய்த சுவர் சில மாதங்களிற் பாசி படர்ந்து இயற்கைப் பாறையினின்றும் பிரித்தறிய முடியாததாகிவிடும்.

சுவரைச் செய்தல்

4 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமுமுள்ள தொட்டியொன்று 9 கன அடி நீர் கொள்ளும். கடல்நீர் கன அடிக்கு ஏறத்தாழ 64 இறாத்தலாதலின், நீரின் நிறை மட்டும் 570 இறாத்தலுக்கு மேலாகும். இதனோடு 2 அங்குலத் தடிப்பில் முழுச் சீமெந்துச் சுவரும் வைத்தால் இன்னும் 130 இறாத்தல் வரை கூடும். ஆகவே, ரெஜிஃபோம் எனக் கடைகளில் வழங்கும் நுரைப்பலகையை உள்ளே வைத்து, மேலே சீமெந்து பூசுதலே நன்று. பலகையை இரண்டு மூன்று துண்டாக்கி, கத்தியாற் பாறை வடிவிற் செதுக்குக. பொருத்துகள் கோணலாக இருந்தால் பின்னர் கண்ணுக்குத் தெரியா.

முதலிற் சீமெந்துக் கூழை மெல்லிதாகத் தூரிகையாற் பூசுக. மறுநாள், சீமெந்து ஒரு பங்கும் நன்றாகக் கழுவி இடித்த சிப்பி மூன்று பங்கும் கலந்து ¾ அங்குலத் தடிப்பிற் பூசி, ஈரமாயிருக்கும்போதே கல்லுப்புப் பரல்களை மேலே அழுத்திவிடுக. உப்புக் கரைந்தபின் அவ்விடங்கள் நுண்டுளைகளாகும். இரும்பு வலையை உள்ளே வைத்தலாகாது. உவர்நீரில் அது துருப்பிடித்துச் சுவரை வெடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் ஈரச் சாக்கினால் மூடி 7 நாள் நிழலில் வைக்க.

சுண்ணாம்பை நீக்குதல்

பொறுமை வேண்டுவது இங்கேதான். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு நீரிற் கரைந்துகொண்டேயிருக்கும். கடல்நீரின் பீ.எச். பெறுமானம் 8.2 அளவில் இருக்க, புதுச் சீமெந்து ஊறிய நீரினது 12 வரை ஏறக்கூடும். அந்நீரில் மீனின் செவுள்கள் வெந்துபோம்.

துண்டுகளை நன்னீரில் அமிழ்த்தி, மிதவாதபடி கல்லைப் பாரமேற்றி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நீரை மாற்றி 6 கிழமை ஊறவிடுக. வாழைக்குற்றியை வெட்டிப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ஓரளவு உதவலாம். அதனை நம்பி நாளைக் குறைத்தல் கூடாது. இறுதியிலே புதுநீரில் 2 நாள் வைத்துச் சோதனைத் தாளினாற் பார்க்க. ஊறாத கிணற்று நீரையும் உடன் சோதித்து ஒப்பிடுதல் நன்று. பெறுமானம் 8.5 க்கு மேற்படின் மீண்டும் ஊறவிடவேண்டும். முதற் சில நாட்களிற் கழிக்கும் நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதியாதலின், அதனைக் கத்தரி மிளகாய்ப் பாத்திகளுக்கு விடற்க.

மரக்கறிச் செய்கையாளர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். பூச்சிநாசினி கரைத்த வாளியையோ, செப்புச் சேர்ந்த பூஞ்சண மருந்து கலந்த பாத்திரத்தையோ இவ்வேலைக்கு எடுத்தலாகாது. மீன் தாங்கக்கூடிய சிறிதளவு செப்பும் இறாலையும் கடற்சாமந்தியையும் மாய்த்துவிடும். எத்துணை கழுவினும் அவ்வாளி தோட்டத்துக்கே உரியது.

பொருத்துதல்

1 கன அடி நுரைப்பலகை கடல்நீரில் 60 இறாத்தலுக்கு மேற்பட்ட விசையோடு மேலெழும். பூசிய சீமெந்து அதனை அமிழ்த்தி வைக்குமென்று நம்புதல் கூடாது. ஆதலால், பூஞ்சணமெதிர்க்கும் மருந்து கலவாத சிலிக்கோன் பசையினாற் பின்கண்ணாடியோடு ஒட்டி, ஒரு கிழமை காயவிட்ட பின்னரே நீர் நிரப்புக. ஓரங்களையும் இடைவெளியின்றி அடைத்தல் வேண்டும். சுவரின் பின்னே அசையாத நீர் தேங்கினால், அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு அங்கே பிறக்கும்.

மீனை உடனே விடலாகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியங்கள் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும். யூரியாவிட்ட தோட்டமண்ணில் நிகழ்வதும் இதுவே. சுவரின் துளைகளில் அவை குடியேற 4 முதல் 6 கிழமை செல்லும். நெல்வயலின் ஆழ்சேற்றிலே நைத்திரேற்று நைதரசன் வாயுவாகி வளியோடு கலந்துவிடும். மெல்லிய இச்சுவரில் அது பெரிதும் நிகழாது. ஆகவே, இரு கிழமைக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை நீக்கிப் புதுக் கடல்நீர் விடவேண்டும். நீக்கிய உவர்நீரைக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் ஊற்றாது, கடலுக்கோ உப்பளத் தரவைக்கோ கொண்டுசென்று விடுக.