ஆளுக்கு ஒரு டாலர்

1890-களில் பிட்ஸ்பர்க் இரும்பாலையில் சேர்ந்த ஸ்லோவாக் இளைஞனுக்கு ஒரு ஷிப்டு என்பது 12 மணி நேரம். பகல் ஷிப்டு இரவு ஷிப்டாக மாறும் நாளில் 24 மணி நேரமும் உலைமுன் நிற்க வேண்டும். அவன் எழுந்த கட்டிலில், சூடு ஆறுவதற்குள் இரவு வேலை முடித்து வந்த இன்னொருவன் படுப்பான்.

உருகிய இரும்பு தெறித்து அவன் இறந்தால்? முதலாளியின் தவறு என்று வழக்காடி நிரூபித்தால்தான் நட்டஈடு. ஆங்கிலம் தெரியாத விதவைக்கு அது ஆகிற காரியமா? பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1915-ல்தான் வந்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தொழிலாளர்கள் தமக்குள் ஒரு வழி கண்டுவிட்டார்கள். ஆயிரம் பேர் சங்கமாகச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இறந்தால் ஆளுக்கு ஒரு டாலர். குடும்பத்தின் கைக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் வந்துவிடும். அடுத்து யார் இறப்பார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்லிவிடலாம். கூட்டம் பெருகப் பெருக அந்த எண் நிலைப்படும். இன்றைய காப்பீட்டுத் தொழில் முழுக்க நிற்பது இந்த ஒரு கணிதத்தின் மேல்தான்.

சிறு சங்கத்துக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. உறுப்பினர் எல்லோரும் ஒரே சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் என்றால், ஒரே வெடிவிபத்தில் பணம் கொடுக்க வேண்டியவர்களும் சேர்ந்தே போய்விடுவார்கள். 1907 டிசம்பரில் மொனோங்கா நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் ஒரே நாளில் இறந்தவர்கள், அரசுக் கணக்குப்படியே, 362 பேர். எனவே ஊர்ச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைவது உயிர்நாடியான தேவை. 1890-ல் பீட்டர் ரோவ்னியானெக் பிட்ஸ்பர்க்கில் தேசிய ஸ்லோவாக் சங்கத்தையும், பாதிரியார் ஸ்டெஃபான் ஃபுர்டெக் கிளீவ்லாந்தில் முதல் கத்தோலிக்க ஸ்லோவாக் ஒன்றியத்தையும் தொடங்கினார்கள். ஓர் ஊரின் இழவை இனி பல ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் மெல்லத்தான் தெரியவரும். இருபது வயதுக்காரனும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே தொகை கட்டினால், சங்கத்துக்கு வயதாக ஆக இறப்பு கூடும், கட்டணம் ஏறும். இளைஞர்கள் சேரத் தயங்குவார்கள், சுமை இன்னும் ஏறும். அமெரிக்காவில் இத்தகைய சகோதரச் சங்கங்கள் பல இப்படித்தான் நொடித்தன. வயதுக்கேற்ற கட்டணமும் சேமிப்பு நிதியும்தான் மற்றவற்றைக் காப்பாற்றின.

நீண்ட நாள் வாழும் உறுப்பினர்தான் இப்படிப்பட்ட சங்கத்துக்குப் பலம். அந்த நிலையில் உடற்பயிற்சியும் காப்பீடும் ஒரே கூரையின்கீழ் வந்ததில் ஓர் அழகு இருக்கிறது. 1862-ல் பிராகாவில் மிரோஸ்லாவ் டிர்ஷும் யிந்த்ரிஹ் ஃபூக்னரும் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கம் 'சோகோல்'. வல்லூறு என்று பொருள். அதன் பெருவிழாவுக்கு 'ஸ்லெட்' என்று பெயர், பறவைகள் கூட்டமாக வந்திறங்குவதைக் குறிக்கும் சொல். ஸ்லோவாக்குகளின் சோகோல் 1892-ல் சிகாகோவில் தொடங்கி, 1896-ல் ஒன்றியமானது. மதம் குறித்த கருத்து வேறுபாட்டில் பிரிந்தவர்கள் 1905-ல் நியூஜெர்சியின் பசேயிக் நகரில் கத்தோலிக்க சோகோலை அமைத்தார்கள். இரண்டுமே உடற்பயிற்சியோடு காப்பீடும் அளித்தன.

நாளெல்லாம் குனிந்து நிலக்கரி அள்ளியவன் மாலையில் இணைக்கம்பிகளின் நடுவே கையூன்றி உடலை நிமிர்த்துகிறான். மண்வாரி வலுவேற்றிய அதே தோள்கள்தான், ஆனால் இங்கே மேஸ்திரியின் அதட்டல் கிடையாது. கூலிக்கு விற்ற உடம்பைத் தனக்கென்று மீட்டுக்கொள்கிற வேலை இது என்றே நான் நினைக்கிறேன்.

மொழிக்கும் இதே இடம்தான் புகலிடம். அன்று ஹங்கேரி ஆட்சியில் இருந்த அவர்கள் தாய்நாட்டில், ஸ்லோவாக் பண்பாட்டு நிறுவனமான மாத்திட்சா ஸ்லோவென்ஸ்காவை அரசு 1875-ல் மூடிவிட்டது. கடல் கடந்த இந்தச் சங்கங்களிலோ கூட்டமும் பத்திரிகையும் ஸ்லோவாக்கில் நடந்தன. செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய நாட்டுக்கான ஒப்பந்தம் 1918 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் உருவானபோது, ஸ்லோவாக்குகள் தரப்பில் முன்நின்றவர்களில் பலர் இச்சங்கங்களை நடத்தியவர்கள்.

பெண்களும் தமக்கெனச் சங்கம் கண்டார்கள். 1892-ல் அன்னா ஹுர்பான் கிளீவ்லாந்தில் தொடங்கிய கத்தோலிக்க ஸ்லோவாக் பெண்கள் சங்கம் நூறாண்டுக்குப் பிறகும் ஓஹாயோவிலிருந்து ஆயுள் காப்பீடு வழங்கிவந்தது.