வீட்டு அலாரத்துக்குச் சபை காசு கேட்கலாமா?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் செட்டிபாளையமும் ஒன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அலாரம் பூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: இதற்கும் காசு கட்ட வேண்டுமா?

கனடாவில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால் "ஓம்" என்பார். ரொறன்ரோவில் பொய் அலாரத்துக்குப் பொலிஸ் வந்துபோனால் ஒரு தடவைக்கு 130 டொலர் என்று கட்டணம் வைத்தார்கள். 2018 செப்டெம்பரிலிருந்து, கமராவாலோ கண்ணால் கண்டவராலோ வேறு வழியாலோ உறுதிப்படாத அலாரத்துக்குப் பொலிஸ் போவதில்லை. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அலாரம் வைக்கவே அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஏன் இந்தக் கண்டிப்பு?

அமெரிக்க நீதித் திணைக்களத்தின் வழிகாட்டி நூலொன்று, பொலிசுக்கு வரும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் என்கிறது. இரகசிய எண்ணைப் பிழையாக அழுத்துவதும், கருவியைச் சரியாகப் பூட்டாததுமே பெரும்பாலும் காரணம். பொலிசின் செலவை அங்கே நகரமே சுமக்கிறது. வீணான செலவை அதற்குக் காரணமானவரிடம் கேட்கிறது.

இங்கே நிலை வேறு

இலங்கையில் பொலிஸ் மத்திய அரசின் கையில். களுவாஞ்சிக்குடியிலிருந்து இயங்கும் நம் பிரதேச சபை அலாரத்துக்கு ஆள் அனுப்புவதில்லை. செய்யாத சேவைக்குக் கட்டணம் கேட்பது நியாயமாகாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சொல்லும் வரிகளிலும் வீட்டு அலாரம் இல்லை. சோலைவரி வீட்டின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்தே வரும். முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. அலாரம் விற்கும் கடைக்கு வரும் வியாபார வரி கடைக்காரரின் பொறுப்பு.

புதிய கட்டணம் என்று யாராவது வந்தால், எந்த உபவிதி, எந்த வர்த்தமானி என்று கேளுங்கள். பற்றுச்சீட்டில்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சபை முடிவுசெய்ய வேண்டும்.

கட்டணம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகாது. நடுச்சாமத்தில் அலாரம் அடித்தால் முதலில் ஓடிவருபவர் அயல்வீட்டுக்காரர். நாலு தடவை பொய்யாக அடித்தால் ஐந்தாம் தடவை அவரும் எழும்பமாட்டார். பற்றரியை நேரத்துக்கு மாற்றுங்கள். அலாரத்தை நிறுத்தும் முறையையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.