குருதியின் உறைதலும் பிணைதலும்

குருதி உறைதல் என்னும் தொடர் பாடநூல்களிலும் மருத்துவ நூல்களிலும் வேரூன்றிவிட்டது. பிரையிட்ட பால் தயிராய் உறைவதைக் கண்டு பழகிய மக்கள், புண்ணிலிருந்து வடியும் குருதி கெட்டிப்படுவதையும் அதே சொல்லாற் குறித்தனர், அஃது இயல்பே. ஆயினும் அவ்வொரு சொல்லுள் அடுத்தடுத்து நிகழும் இருவேறு வினைகள் மறைந்து நிற்கின்றன. முதல் வினை செவ்வனே முடிந்தும் இரண்டாவது நிகழாமையால் உயிர் நீங்குதலும் உண்டு. ஆதலின் அவ்விரண்டனையும் ஈண்டுப் பிரித்துக் காண்பாம்.

குருதிநீரிற் கரைந்துள்ள பைபிரினோஜன் நீண்ட வடிவுடைய ஒரு புரதம். ஆல்பா, பீட்டா, காமா எனப்படும் மூவகைச் சங்கிலிகள் வகைக்கு இரண்டாக அதன்கண் அமைந்துள்ளன. குழாய் கிழிபட்டவிடத்துத் தோன்றும் திராம்பின் என்னும் நொதி, ஆல்பா, பீட்டாச் சங்கிலிகளின் நுனியிலுள்ள சிறு துண்டுகளை வெட்டி நீக்குகின்றது. வெட்டுண்ட இடத்து வெளிப்படும் முனைகள் அண்டை மூலக்கூறுகளின் குழிகளிற் பொருந்துகின்றன. செங்கற் சுவரில் கீழ்வரிசையின் இணைப்பு மேல்வரிசைக் கல்லின் நடுவே அமைவதுபோல, மூலக்கூறுகள் பாதி பாதி தள்ளி அடுக்கப்பெற்றுப் பைபிரின் இழைகளாகின்றன. இழைகள் வலையாகக் குருதியணுக்கள் அதனுட் சிக்குகின்றன. கண்ணுக்குப் புலனாகும் உறைதல் இதுவே. எனினும் கற்கள் அடுக்கப்பட்டனவேயன்றிச் சாந்து இன்னும் பூசப்படவில்லை.

சாந்து ஒன்று உண்டு என்பதை முதலிற் புலப்படுத்தியது கரைதிறன் ஆய்வே. 1944இல் ராபின்ஸ் என்பாரும், 1948இல் லாக்கி, லோராண்ட் என்னும் இருவரும் இதனை ஆராய்ந்தனர். தூய்மை செய்த புரதத்தாலான உறைகட்டி செறிந்த யூரியாக் கரைசலிற் கரைந்தது. குருதியிலுள்ள வேறொரு பொருளும் கால்சியமும் உடனிருப்பத் தோன்றிய கட்டியோ கரையவில்லை. அப்பொருளே பின்னர்ப் பதின்மூன்றாம் காரணி எனப் பெயர் பெற்றது. அதனைத் தூண்டி நொதியாக்குவதும் திராம்பினே. ஒரே நொதி ஒரு கையால் கல்லை அடுக்கி, மறுகையால் சாந்து பூசுவோனையும் எழுப்பிவிடுகின்றது எனலாம்.

இந்நொதியின் தொழில் நுட்பமானது. ஓர் இழைமூலக்கூறிலுள்ள குளூட்டமின் என்னும் அமினோ அமிலத்தை நொதியின்கண் உள்ள கந்தகம் பற்றுகின்றது. அப்போது ஓர் அம்மோனியா மூலக்கூறு விலகுகின்றது. அவ்விடத்தில் அண்டை மூலக்கூறின் லைசின் வந்து சேர, இரண்டிற்கும் இடையே வேதிப்பிணைப்பு உண்டாகின்றது. நொதி விடுபட்டு அடுத்த இணைக்குச் செல்கின்றது. இப்பிணைப்பின் அமைப்பு 1968இல் உறுதி செய்யப்பெற்றது. காமாச் சங்கிலிகள் இவ்விரண்டாக விரைவிற் பிணைகின்றன. ஆல்பாச் சங்கிலிகளோ மெல்லப் பிணையினும், பல பலவற்றொடு பிணைந்து வலையை இறுக்குகின்றன. உறைகட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மின் என்னும் நொதியைத் தடுக்கும் புரதமொன்றையும் பதின்மூன்றாம் காரணி ஆல்பாச் சங்கிலியொடு கட்டிவிடுகின்றது. சுவரைக் கட்டுவோனே காவலனையும் நிறுத்துதல் வியக்கத்தக்கதன்றோ!

பிறவியிலேயே இக்காரணி அற்றவரைப் பற்றிய முதற் செய்தி 1960இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வெளிவந்தது. அத்தகையோருக்குக் குருதி உறையும் நேரத்தை அளக்கும் வழக்கமான சோதனைகள் யாதொரு குறையும் காட்டா. புண்ணிற் குருதி உரிய நேரத்தில் உறையும். சில மணி நேரமோ ஒருநாளோ கழிந்தபின் மீண்டும் கசியும். பிறந்த குழந்தையின் தொப்புட்கொடி அடியிலிருந்து இடையறாது குருதி கசிதல் இதன் முதல் அறிகுறியாதல் பெரும்பான்மை. மூளையுட் குருதி கசிந்து இறப்போரும் உளர். ஏறத்தாழ இருபது இலட்சம் பேருள் ஒருவருக்கே வரும் அரிய நோயாயினும், அறிந்துவிட்டால் காத்தல் அரிதன்று. பதின்மூன்றாம் காரணி குருதியில் நெடுநாள் தங்கும் இயல்பினது. எனவே நான்கு வாரத்திற்கு ஒருமுறை அதனைச் செலுத்தினாற் பெரும்பாலோர்க்குப் போதும். உறைந்ததா என்று மட்டும் நோக்கும் மருத்துவர் இந்நோயைக் காணார். உறைந்தது பிணைந்ததா என்று நோக்குவார்க்கே அது புலனாகும்.

இனிச் சொல்லைப் பற்றி ஒரு கருத்து. முதல் வினைக்கு உறைதல் என்பதையே நிறுத்தி, இரண்டாவதைப் பிணைதல் என வழங்கலாம் என்பது எம் துணிபு. பிணித்தல் என்னும் சொல்லையும் எண்ணிப்பார்த்தோம். பிணி நோயையும் குறிக்குமாதலின் மருத்துவ நூலில் மயக்கம் விளைக்கும் என விடுத்தோம். திராம்பினை உறைநொதி என்றல் பொருந்தும். பதின்மூன்றாம் காரணிக்கு அப்பெயர் பொருந்தாது. பிணைநொதி என்பதே தகும். அதன் இனத்தைச் சேர்ந்த நொதியொன்று நம் தோலின் மேற்படையிலும் புரதங்களை இவ்வாறே பிணைத்து உரமாக்குகின்றது. ஆண்டு உறைவது யாதும் இல்லை.