தள்ளுபடி விலையில் கிராவல் பைக்: விலைச் சீட்டுக்கு முன் அளவுநாடா

மவுண்டன் பைக் பழகியவர்களை இழுக்கிறது புதுவகை சைக்கிள். மலிவு என்று அவசரப்பட்டால் முதுகுதான் விலை கொடுக்கும்

ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்றால் யாருக்கும் சபலம் தட்டும். பெங்களூருவிலும் புனேயிலும் வார இறுதிகளில் மவுண்டன் பைக்கில் மண் பாதைகளைச் சுற்றுகிறவர்களை இப்போது கிராவல் பைக் இழுக்கிறது. ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹாண்டில்பார். சரளையைத் தாங்கும் பட்டை டயர். தார்ச் சாலை திடீரென்று ஜல்லியாக மாறிவிடும் தேசத்துக்கு அளவெடுத்துத் தைத்த வாகனம்.

பிரபலமானதென்னவோ அமெரிக்காவில். கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இதற்குப் புகழ் சேர்த்தது. ஜப்பானின் ஷிமானோ 2019ல் இதற்கென்றே ஜிஆர்எக்ஸ் என்ற கியர் வரிசையைக் கொண்டுவந்தது. 2022ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது.

தள்ளுபடிக்கும் ஒரு கதை உண்டு. 2020ல் கொரோனா காலத்தில் உலகெங்கும் சைக்கிளுக்கு அடிதடி. தொழிற்சாலைகள் ஆர்டர்களை முடிப்பதற்குள் மோகம் தணிந்தது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. இந்தியாவில் வரியும் சேர்ந்துகொண்டது. இறக்குமதி சைக்கிளுக்கான சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30லிருந்து 35 சதவீதமானது. மாறாக, ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எனவே கடைக்காரர் தருவது நிஜமான தள்ளுபடியா, வரிக் குறைப்பின் மறுபெயரா என்று பழைய விலையோடு ஒப்பிடுவது நல்லது.

ஆனால் பணம் இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை அளவு. கடைசியில் தேங்குபவை பெரும்பாலும் மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய ஃபிரேம்கள். மவுண்டன் பைக்காரர் இங்கேதான் ஏமாறுகிறார். அவருடைய பழைய சைக்கிளில் ஃபிரேம் நீளம், ஹாண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் குட்டை, பார் நேரானது. கிராவல் பைக்கில் வளைந்த பாரே கைகளை மேலும் முன்னுக்குத் தள்ளுகிறது. அதை ஈடுகட்டத்தான் அதன் ஃபிரேமைக் குட்டையாக அமைக்கிறார்கள். பழைய சைக்கிளின் நீளத்தையே இதிலும் தேடினால் கழுத்தும் முதுகும் உள்ளங்கையும் மூன்றாவது மணி நேரத்தில் முறையிடும். ஸ்டெம்மை மாற்றிச் சில சென்டிமீட்டர் சரிக்கட்டலாம். தவறான ஃபிரேமைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது கியர். மவுண்டன் பைக்கில் முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்றால், மிக லகுவான கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் சுமார் 1.45 மீட்டர் நகரும். முன்னால் 40, பின்னால் 42 உள்ள கிராவல் பைக்கில் அது சுமார் 2.1 மீட்டர். சமவெளியில் இது சுகம்; மூட்டையோடு ஸ்பிதியில் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்ஸும் கணவாயில் ஏறும்போது தண்டனை. முன்னால் இரண்டு சக்கரங்களாக 46, 30 பல். பின்னால் 34 பல் என்றால் அது 1.95 மீட்டர்தான். மலைக்குப் போகிறவர் வாங்குவதற்கு முன்பே பற்களை எண்ண வேண்டும். பின்னால் மாற்றினால் தள்ளுபடியில் பாதி கரைந்துவிடும்.

டயர் விஷயத்தில் ஒரு சௌகரியம். 29 அங்குல மவுண்டன் பைக் சக்கரமும் 700சி என்ற கிராவல் சக்கரமும் டயர் உட்காரும் இடத்தில் ஒரே 622 மில்லிமீட்டர்தான். இடைஞ்சல், ஃபிரேமுக்குள் எவ்வளவு இடம் என்பதில். 35 மில்லிமீட்டருக்கு மேல் நுழையாத ஃபிரேம், 57 மில்லிமீட்டர் டயரும் ஷாக் அப்சார்பரும் பழகிய கைகளை இந்தியக் கப்பிச் சாலையில் உலுக்கி எடுத்துவிடும். 45 வரை இடம் கொடுப்பதே உத்தமம்.

பிரேக்கில் இரண்டு கட்சி. ஹைட்ராலிக் டிஸ்க் ஒற்றை விரலுக்கு அடங்கும். கேபிள் டிஸ்க்குக்கு விரல்களில் பலம் வேண்டும். ஆனால் அறுந்தால் சிறிய ஊரிலும் மாற்றிவிடலாம். நகரத்தைச் சுற்றுகிறவருக்கு முன்னது, தொலைதூரம் போகிறவருக்கு பின்னது.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது போதாது. முழங்கை லேசாக மடங்கிய நிலையில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். சரியான அளவு தள்ளுபடியில் இல்லையென்றால், ஒரு படி குறைந்த கியர் கொண்ட மாடலை முழு விலைக்கு வாங்குவது மேல். கியரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கை, கால், முதுகு நீளம் மட்டும் எந்த சீஸனிலும் மாறுவதில்லை.